முதல் நான்கு விநாடிகள்

நுரைச்சோலை
09.02.2014

ஃபாஹிமா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்து நாளில் பதினாறு தடவை ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. வந்தாலும் கதவு திறக்கமாட்டேன் என்று உம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். எத்தாளையும் நுரைச்சோலையும் பக்கத்துப் பக்கம், பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடவும் நேரமில்லை. அப்படியிருந்தும் கடிதம் எழுத வேண்டிய நிலைமை. அபூசாலி மச்சான் மீன் லொறியை எங்கள் கடை வாசலில் நிறுத்தித்தானே தேத்தண்ணி குடிக்கிறவர். அவரிடம் கொடுக்கிறேன். "பொஞ்சாதிக்கும் மச்சினனுக்கும் நடுவுல நான் தபால்காரனா? கடதாசில மீன் நாத்தம் அடிச்சா என்னைக் கேக்கப்படாது" என்றார்.

நாலாம் திகதி நடந்ததை ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். நான் ஒழுங்காக எழுதுகிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின விழா. ஒலிபெருக்கி பூட்டினது நான், எங்கள் முதலாளி நளீர் நானாவின் கடை சார்பில். காலை ஏழே முக்கால். தரம் இரண்டு பிள்ளைகளை வரிசையில் இருத்திவிட்டு நீங்கள் முன்னால் கதிரையில் இருந்தீர்கள். நான் மைக்கைப் பரிசோதித்தேன். நீங்கள் எழும்பினீர்கள். வரிசையில் இருந்த மகள் ஸபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின் கேற்றால் போனீர்கள். முப்பத்தொரு பிள்ளைகள் டீச்சர் இல்லாமல் வெயிலில். ஒன்பது மணிக்கு மேல்தான் கரையில் ஒரு மீனவர் வாடிக்குப் பின்னால் உங்களையும் பிள்ளையையும் கண்டார்கள்.

இதுதான் நடந்தது. இப்போது என் கேள்வி. டிசம்பர் விடுமுறையில் இருந்து ஒலிபெருக்கிப் பயத்துக்கு இருபத்திரண்டு நாள் பயிற்சி எடுத்தோமா இல்லையா? அறிவித்தல் பதிவுகளை வொலியூம் இரண்டில் தொடங்கி எட்டு வரை கொண்டுபோனேன். முதல் நாள் காதைப் பொத்தினீர்கள். கடைசி நாள் எட்டில் போட்டபோது பிளேன்டீயில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்கள். அன்றைக்கே சொன்னேன், வேலை முடிந்தது என்று. ஆகவே முறையில் பிழை இல்லை. நீங்கள் முயற்சி செய்யவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ராத்தா, மூளை ஒரு மின்சுற்று. உள்ளே பாக்கு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் அலாரம். நெற்றிக்குப் பின்னால் இன்னொரு பகுதி. அது அலாரத்தைப் பார்த்து, "சும்மா இரு, ஒன்றும் இல்லை" என்று அடக்கும். அந்த அடக்கத்தைப் பழக்கலாம். பயமான சத்தம் வரும், கெட்டது ஒன்றும் நடக்காது, திரும்ப வரும், திரும்ப நடக்காது. இவ்வளவுதான். இதற்கு அழுகையும் வேண்டாம், தண்ணீர் ஓதிக் குடிக்கவும் வேண்டாம்.

அதிபர் என்னிடம் நேரே சொன்னார். மார்ச் இருபதாம் திகதி விளையாட்டுப் போட்டி. அன்றைக்கும் வகுப்பை விட்டுப் போனால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவாராம். வகுப்பை எடுத்துவிட்டு உங்களை நூலகத்தில் போடுவார்களாம். இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன். ஐந்தில் இருந்து திரும்பத் தொடங்குவோம்.

மின்ஹாஜ்


எத்தாளை
12.02.2014

தம்பி மின்ஹாஜுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மைக்கைப் பரிசோதித்தேன் என்கிறாய். பிறகு, ராத்தாவைக் கரையில் கண்டார்கள் என்கிறாய். இரண்டுக்கும் நடுவில் நீ என்ன செய்தாய் என்பதைக் காணவில்லை. என் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி போடுவேன்.

நீ மறந்திருந்தால் நான் எழுதித் தருகிறேன். "ஃபாஹிமா டீச்சர், உடனடியாக மைதானத்துக்கு வரவும். ஒன்றும் நடக்கவில்லை. பயப்படத் தேவையில்லை. உடனடியாக வரவும்." மூன்று தடவை. இரண்டு ஸ்பீக்கரும் கடல் பக்கம் திரும்பியிருந்தன. எத்தாளை முழுக்கக் கேட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் எட்டு வயதில் மன்னாரில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டேன். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன குரல். அதைக் கேட்டு ஓடுகிறவளை நீ ஒலிபெருக்கியில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாய்.

ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்பு. நான் பின் கேற்றைத் தாண்டி நூறு அடி போனதுமே நின்றுவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே வெட்கம் வந்துவிட்டது. பிள்ளைகளின் நினைவு வந்தது. திரும்பித்தான் நின்றேன். அப்போதுதான் உன் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு கால் என்னுடையதாக இருக்கவில்லை.

ஸபீனா அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் பழகியிருக்கிறாள். ரோட்டில் எந்த வண்டியில் மைக் சத்தம் வந்தாலும் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு, "உம்மா, செருப்பு போடவா?" என்று கேட்கிறாள். அவளுக்கு ஏழு வயது. அவளை எந்த ஊரில் இருந்தும் ஒருவரும் துரத்தவில்லை. என் முகத்தில் இருந்துதான் எடுத்திருக்கிறாள். நூலகத்தில் போட்டால் போடட்டும். இது எனக்குத் தாங்காது.

சனிக்கிழமை வராதே.

ஃபாஹிமா


நுரைச்சோலை
14.02.2014

ராத்தாவுக்கு,

ஸலாம். மைக்கில் கூப்பிட்டது பிழை. எழுதிவிட்டேன். மச்சானிடமும் சொல்லிவிட்டேன். அவர், "இத ஒலிபெருக்கில சொல்லு, ஊரே கேட்டதுதானே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் கையில் மைக் இருந்தது. நீங்கள் போவது தெரிந்தது. மைக் பிடித்திருக்கிறவன் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மைக்கில்தான் கூப்பிடுவான். யோசிக்கவில்லை. இது சமாதானம் இல்லை, நடந்த முறை.

இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. கடை மேசையில் வேலை செய்கிற அம்ப்ளிபயர் கலியாண வீட்டில் வேலை செய்யாமல் போனால் நான் கலியாண வீட்டைத் திட்டுவதில்லை. மேசையில் இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று தேடுவேன். நீங்கள் வீட்டில் எட்டாம் வொலியூமுக்கு அசையவில்லை. மைதானத்தில் ஓடினீர்கள். அப்போது நீங்கள் முயற்சி செய்யவில்லை என்று நான் எழுதினது தேடாமல் எழுதினது.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் பள்ளிவாசல் பாங்குக்குப் பயப்படுவதில்லை. பாண் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் நீங்கள்தான் முதலில் ஓடிப்போய் மறிக்கிறீர்கள். சத்தம் பெரிதென்பது காரணமில்லை. அப்படியானால் எது? நாலாம் திகதி எழும்புவதற்குச் சரியாக முன்னால் என்ன கேட்டது? தொண்ணூறாம் ஆண்டிலும் குரலுக்கு முன்னால் என்ன கேட்டது? விநாடி விநாடியாக எழுதுங்கள். மனம் என்ன பாடுபட்டது என்பது இப்போதைக்கு வேண்டாம். எது முதல், எது பிறகு, அந்த ஒழுங்கு மட்டும் வேண்டும்.

கெதியாக எழுதினால் நல்லது. முப்பத்து நான்கு நாள்தான் இருக்கிறது.

மின்ஹாஜ்


எத்தாளை
19.02.2014

தம்பிக்கு,

உனக்கு மனம் வேண்டாம், ஒழுங்கு மட்டும் வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்திருந்தால் நான் ஏன் ஓடப்போகிறேன். சரி, முயன்று பார்க்கிறேன். இதை நான் உம்மாவிடமும் கதைத்ததில்லை.

மன்னாரில், அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தின நேரம். நான் வேலிக்கு வெளியே தனியாகக் கல்லுக் கொத்தி விளையாடிக்கொண்டிருந்தேன். உம்மா குசினியில். நீ அவவின் வயிற்றில் ஐந்து மாதம். செருப்பைக் கழற்றி வேலியடியில் வைத்திருந்தேன். ரோட்டுத் திருப்பத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். டொக், டொக். பிறகு ஊதினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. நான் கல்லை மேலே எறிந்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு குரல் தொடங்கியது.

குரல் தொடங்கின பிறகு பயம் அவ்வளவு இல்லை. பெரியவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எல்லாரும் அழும்போது சின்னப் பிள்ளைக்குத் தனியாகப் பயப்பட ஒரு வேலையும் இல்லை. அந்தத் தட்டுக்கும் குரலுக்கும் நடுவில்தான் நான் தனியே இருந்தேன். அப்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தா. இன்றைக்கும் எனக்கு அந்த இடத்தில் போய் நின்று, அந்த ஆள் கதைக்கத் தொடங்க முன்னால் உம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் போலத்தான் இருக்கும்.

பிறகு வள்ளம் ஏறக் கரைக்கு நடந்தபோது என் காலில் செருப்பு இல்லை. வேலியடியில் விட்டது விட்டதுதான். கல்பிட்டியில் இறங்கின பிறகுதான் உள்ளங்கால் கொப்பளித்திருப்பதைக் கண்டோம். அதனால்தான் ஸபீனாவுக்கு முதலில் செருப்பைத் தேடுகிறேன் போல.

நாலாம் திகதி நான் கேட்டதும் டொக், டொக், ஊதல். நீ "ஹலோ" என்று சொன்னாயாம். நான் அதைக் கேட்கவே இல்லை. அதற்கு முன்னமே எழும்பிவிட்டேன்.

உன் பதிவுகளில் அது ஒன்றிலும் இல்லையே, மின்ஹாஜ். உன் பதிவில் ஒரு ஆள் திடீரென்று கதைக்கத் தொடங்குவான். எனக்கு அது ரேடியோ கேட்ட மாதிரி. ரேடியோவுக்கு யார் பயப்படுவார்கள்? நீ சந்தோஷப்பட்டாய். சரி, குணமாகிவிட்டது போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஃபாஹிமா


நுரைச்சோலை
21.02.2014

ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை மச்சான் தந்ததும் கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

நாற்பத்து மூன்று பதிவுகள். சந்தையில், சந்தியில், பள்ளிவாசல்துறை மீனவர் கூட்டத்தில், எங்கெங்கோ நானே எடுத்தவை. வெட்டாத மூலப் பதிவுகள் அழியாமல் இருந்தன. எல்லாவற்றையும் திரும்பக் கேட்டேன். முப்பத்தொன்பதில் தொடக்கத்தில் தட்டு இருக்கிறது. ஊதல் இருக்கிறது. இரைச்சல் இருக்கிறது. சராசரியாக நான்கு விநாடி. உங்களுக்குப் போட்டுக் காட்ட முன்னால் அந்த நான்கு விநாடியையும் நான்தான் வெட்டினேன். ஒவ்வொன்றாக, கவனமாக.

ஏன் வெட்டினேன் தெரியுமா? வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று. நளீர் நானா முதல் நாளே சொல்லித் தந்தது: "டொக்கு டொக்கும் புஸ்ஸும் பதிவுல வந்தா கடைக்கு மானக்கேடு." யாரோ திருமண வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரிச் சுத்தம் செய்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். பயத்தை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்துக்குப் பயிற்சி தந்திருக்கிறேன்.

பிறகு நாலாம் திகதி நானே மைக்கைத் தட்டினேன்.

நேற்றுப் புத்தளத்தில் கிளினிக்குக்குப் போனேன். அங்கே கஜலக்ஷ்மி மிஸ் என்று ஒரு மனநல உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்து ஆள், இடம்பெயர்ந்து வந்து இங்கேயே இருந்துவிட்டவ. உங்கள் பெயர் சொல்லவில்லை. என் முறையை விளக்கினேன், சுற்று, அலாரம் எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு நாளும் பக்கத்தில ஆர் இருந்தது?" என்றா. நான்தான் என்றேன். "பட்டனை அமத்தினது ஆர்?" நான்தான். "நிப்பாட்டினது?" அதுவும் நான். "அப்ப தம்பி, அவ பயமில்லாமல் இருக்கப் பழகேல்லை. நீர் இருந்தால் பயமில்லை எண்டுதான் பழகியிருக்கிறா" என்றா. எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலாவி தாண்டுமுன் கோபம் போய்விட்டது, ஏனென்றால் அவ சொன்னது சரி.

இன்னொன்றும் சொன்னா. அதை என் பாஷையில் எழுதுகிறேன். பழைய பயம் அழிவதில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அலாரத்தின் வயரை வெட்டுவதில்லை, பிரேக்தான் போடுகிறது. அந்தப் பிரேக் எதற்குப் பழகினதோ அதற்குத்தான் பிடிக்கும், எங்கே பழகினதோ அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். நான் உங்கள் வீட்டுக்குள், என் பக்கத்தில், ரேடியோவுக்குப் பிரேக் பூட்டியிருக்கிறேன். ஜனவரியில் வேலை முடிந்தது என்று சொன்னேனே, அது முட்டாள் கதை.

மச்சானிடம் ஒரு பெட்டி தந்து விடுகிறேன். சின்ன அம்ப்ளிபயர், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். நீங்களே தட்டுங்கள். நீங்களே ஊதுங்கள். நான் வரமாட்டேன். ஒரு கொப்பியில் தட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள். தட்டின பிறகு என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில், முற்றத்தில், கரையில், பிறகு வேறு ஆள் தட்டுகிற இடத்தில். ஒரே இடத்தில் நின்றால் அங்கேதான் பிடிக்கும்.

மின்ஹாஜ்


எத்தாளை
02.03.2014

தம்பிக்கு,

பெட்டி வந்தது. கூடவே பாரைமீன் நாற்றமும் வந்தது.

முதல் நாள் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். உடனே மைக்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஊஞ்சலில் போய் இருந்தேன். கொப்பியில், "போகச் சொல்வார்கள்" என்று எழுதியிருந்தேன். பக்கத்தில், "உம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா" என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் இரண்டு தட்டும் ஊதலும். ஊதினதும் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தேன். பூட்டாமல் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். சோறு கொதித்து அடுப்பில் வழியும் வரை. கொப்பியில் அதுதான் இருக்கிறது: "சோறு வழிந்தது."

ஸபீனா வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் கேட்டாள். "உம்மா, யாரு வாற?"

"ஒருத்தரும் வரல்ல."

"அப்ப ஏன் தட்டுற?"

"ஒருத்தரும் வரல்லண்டு பாக்க."

அவள் செருப்பைக் கீழே வைத்தாள். "நானும் பாக்கவா?" என்றாள். கொடுத்தேன். தட்டினாள், ஊதினாள், ஊதலில் எச்சில் தெறித்தது. "ஹலோ ஹலோ, உம்மாட புட்டு சரியில்ல" என்றாள். பக்கத்து வீட்டு ஜுனைதா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எங்கட வீட்டுலயும் சரியில்ல பிள்ள, அதையும் சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

நேற்று வேண்டுமென்றே நுரைச்சோலைச் சந்தைக்குப் போனேன், தனியாக. ஒரு வண்டி வந்து நின்றது. டொக், டொக். நான் ஓடினேன், மின்ஹாஜ். மறைக்காமல் எழுதுகிறேன். மரக்கறிப் பையைப் போட்டுவிட்டு மருந்துக்கடை வரை ஓடினேன். அங்கே நின்றேன். கால் முன்னுக்கு இழுக்க, நான் பின்னுக்குத் திரும்பி நடந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் வந்து அந்த ஆள் முடிக்கும் வரை நின்று கேட்டேன். கொப்பியில் இருக்கிறது: "போகச் சொல்வார்கள். நடந்தது: திரைச்சீலைத் துணி அரை விலை."

பையில் தக்காளி எல்லாம் நசிந்துவிட்டது.

ஃபாஹிமா


நுரைச்சோலை
05.03.2014

ராத்தாவுக்கு,

ஸலாம். கொப்பி வேலை சரியாகப் போகிறது. ஓடினது தோல்வி இல்லை, திரும்பி வந்ததுதான் கணக்கு. மருந்துக்கடையோடு நின்றிருந்தால் ஓடினதால்தான் தப்பினேன் என்று மூளை பழகியிருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அன்றைக்கு நான் உங்களைப் பார்த்தேன். எங்கள் கடைக்கு எதிரேதானே அந்த வண்டி நின்றது. நீங்கள் ஓடினதையும் பார்த்தேன். நான் கையில் சோல்டர் கோலோடு வாசல் வரை வந்துவிட்டேன். நளீர் நானா, "ராத்தா ஓடுறா, நீ நிக்கிற?" என்று கத்தினார். நான் நின்றேன். நீங்கள் மருந்துக்கடையில் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியுமா? ஒன்றரை நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு என்னத்தைப் பார்ப்பது. பிறகு நீங்கள் திரும்பி வந்தீர்கள். நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்குச் செய்த சோல்டர் ஒன்றும் சரிவரவில்லை.

இருபதாம் திகதி உங்கள் பள்ளிக்கு நளீர் நானா போவார். நான் வரமாட்டேன். வர விருப்பம். நான் ஒலி மிக்ஸர் பக்கத்தில் நின்றால் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று எழுதத்தான் தொடங்கினேன். பிறகு அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டேன்.

பதினைந்து நாள் இருக்கிறது. ஒரு நாளும் விடாதீர்கள்.

மின்ஹாஜ்


எத்தாளை
12.03.2014

தம்பிக்கு,

இது உனக்குப் பிடிக்காத கடிதம்.

பத்து நாள் நன்றாக இருந்தது. கரையில் தட்டினேன், ஒன்றுமில்லை. மதரஸா முற்றத்தில் வேறு ஆள் தட்டினார், இருந்த இடத்திலேயே இருந்தேன். நேற்றுக் காலையில் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். பக்கத்துக் கட்டடத்தில் மேசன்மார் வேலை. யாரோ பலகையைத் தட்டினான். இரண்டு தட்டு, அவ்வளவுதான். மைக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுண்ணக்கட்டி கையில் முறிந்தது. கதவு வரை போய்விட்டேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏதோ எடுக்க வந்தவள் மாதிரி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கூட்டாத இடமே இல்லாமல் வகுப்பைக் கூட்டினேன்.

பழையது அழியாது என்று எழுதினாயே. அப்படியானால் இதெல்லாம் எதற்கு? முப்பது வருஷம் போனாலும் எவனோ ஒரு மேசன் தட்டினால் நான் எட்டு வயதுக்குப் போய்விடுவேன் என்றால், வகுப்பை நானே கொடுத்துவிடுகிறேன். நூலகத்தில் தட்டுகிறவர்கள் குறைவு.

நேரான பதில் சொல்லு.

ஃபாஹிமா


நுரைச்சோலை
13.03.2014

ராத்தாவுக்கு,

ஸலாம். நேரான பதில்: அழியாது. திரும்பத் திரும்ப வரும். களைத்திருந்தால் வரும், புது இடத்தில் வரும், எதிர்பாராத நேரத்தில் வரும். அந்த மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இல்லை என்று சொன்னால் ஜனவரியில் சொன்னதைத் திரும்பச் சொன்னதாகிவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தையே வாசித்துப் பாருங்கள். பெப்ரவரியில் கரை வரை போனீர்கள். சந்தையில் மருந்துக்கடை வரை. முந்தாநாள் கதவு நிலை வரை. எனக்கு இதைவிட வேறு அளவுகோல் தெரியாது. அலாரம் அடித்தது, அதோடு பிரேக்கும் பிடித்தது. விளக்குமாற்றை எடுக்கச் சொன்னது யார்? பாக்கு அளவு உள்ளதுக்கு விளக்குமாறு தெரியாது.

வகுப்பைக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் சொல்லமாட்டேன். சொல்லாமல் இருக்கக் கஷ்டமாக இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மின்ஹாஜ்


எத்தாளை
21.03.2014

தம்பி மின்ஹாஜுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். உன்னைப் போல் நடுவில் ஒன்றும் விடமாட்டேன்.

நளீர் நானா எட்டு மணிக்கே வந்து வயர் இழுத்தார். நான் என் பிள்ளைகளோடு கூடாரத்துக்குள் இருந்தேன். ஸபீனா ஓட்டத்துக்கு என்று சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டாள். வெறுங்காலில்தான் கெதியாக ஓடலாமாம். நான் மடியில் வைத்துக்கொண்டேன். கொப்பியில், "போகச் சொல்வார்கள்" என்று எழுதிவிட்டுத் தட்டுக்காகக் காத்திருந்தேன்.

தட்டு வரவில்லை. ஊதலும் வரவில்லை. "அன்பார்ந்த பெற்றோர்களே" என்று குரல் நேரே தொடங்கிவிட்டது. ரேடியோ மாதிரி.

முதலில் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு போகப் போக மோசமாகிவிட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடுவில் மைக் ஓய்ந்து கிடக்கும். இப்போது தட்டுவார்கள், இப்போது தட்டுவார்கள் என்று என் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. இரண்டு மணித்தியாலம். உதவி அதிபர் என் பக்கமாக நடந்து போவதும் வருவதுமாக இருந்தார், நான் இருக்கிறேனா என்று எண்ணிப் பார்ப்பவர் மாதிரி. பழச்சாறு கொடுக்கிற நேரம் வந்தபோது தாங்க முடியவில்லை. எழும்பி நளீர் நானாவின் மேசைக்குப் போனேன்.

"நானா, நீங்க மைக்கத் தட்டிப் பாக்க மாட்டீங்களா?"

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். "டீச்சர், என்னைக் கேக்காதீங்க. போன கிழமை உங்கட தம்பி காலப் புடிக்காத குறை. கல்பிட்டில இருந்து நுரைச்சோலை வரைக்கும் ஒலிபெருக்கி பூட்டுற அத்தனை பேருக்கும் சொல்லி வச்சிரிக்கான். எத்தாளைக்குள்ள ஒருத்தனும் மைக்கத் தட்டப்படாதாம். எனக்கு முப்பது வருஷப் பழக்கம், விரல் துடிக்கிது. கைய சட்டப் பைக்குள்ள போட்டுக்கிட்டு நிக்கிறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ திரும்பவும் வெட்டியிருக்கிறாய், மின்ஹாஜ். கணினியில் வெட்டினது போதாதென்று ஊரில் இருந்தே வெட்டியிருக்கிறாய்.

"மைக்கத் தாங்க" என்றேன். அவர் தரத் தயங்கினார். நானே எடுத்துக்கொண்டேன்.

தட்டினேன். டொக், டொக். ஊதினேன். இரண்டு ஸ்பீக்கரிலும் போய் மதிலில் மோதித் திரும்பி வந்தது. பெட்டியில் தட்டுவதைப் போல இல்லை, அன்றைக்குக் கேட்டது போலவே இருந்தது. என் ஒரு கையில் சப்பாத்து இருந்தது. கால் பின் கேற்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஸபீனா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வரை எண்ணினேன். அந்த நான்கு விநாடியும் நான்தான் இருந்தேன், வேறு ஒருவரும் வரவில்லை. கதைக்க வேண்டிய ஆளும் நான்தான் என்று பிறகுதான் உறைத்தது. மைதானமே காத்துக்கொண்டிருந்தது.

"தரம் இரண்டு பிள்ளைகள் ஓட்டத்துக்கு வரவும்" என்றேன். நிகழ்ச்சி நிரலில் அது இன்னும் இரண்டு தள்ளி இருந்ததாம். உதவி அதிபர் தாளைப் புரட்டிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் அதற்குள் கோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அதிபர் பின்னேரம், "பிழையான நேரத்தில அறிவிச்சீங்க டீச்சர்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை தரம் இரண்டுக்குப் பாடம் எடுக்க நான்தான் போகிறேன்.

பயமில்லாமல் செய்தேன் என்று யாரிடமும் சொல்லித் திரியாதே. முடியும் வரை பயம்தான். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

நாளை சனிக்கிழமை. வா. கதவு திறந்திருக்கும். வருவதற்கு முன்னால் அத்தனை பேருக்கும் ஃபோன் அடித்து, எத்தாளையில் மைக்கைத் தட்டச் சொல்லு. நளீர் நானாவுக்கு முதலில் சொல்லு, பாவம். ஊரெல்லாம் தட்டாமல் இருந்தால் நான் எதற்குப் பழகுவது?

ஒன்று எழுத மறந்துவிட்டேன். ஸபீனா நான்காவதாக வந்தாள். மூச்சு வாங்க வாங்க என்னிடம் ஓடி வந்தாள். நான் குனிந்து சப்பாத்தை அவள் காலடியில் வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்ப என் கையிலேயே தந்தாள்.

"வச்சிக்கங்க உம்மா. இன்னொரு ஓட்டம் இரிக்கி."

ஃபாஹிமா